ஸ்டாப் ரோட்டின் எந்தப் பக்கம்?

கேள்வி: ஐயா, தண்டையார்பேட்டையில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் என் மகள் 5ஆம் வகுப்பு படிக்கிறாள். எங்கள் வீடு திருவொற்றியூரில், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுக்குக் கடல் பக்கம் இருக்கும் குப்பத்தில். பள்ளிக்கு மூன்று பஸ்ஸும் ஒரு வேனும் உண்டு. டீசலும் சம்பளமும் கட்டுப்படியாகவில்லை என்று நிர்வாகம் நான்கு யோசனைகளைச் சொல்லி, பெற்றோரே பேசி முடிவெடுங்கள் என்கிறது. வாசலுக்கு வாசல் ஏற்றுவதை விட்டுவிட்டுப் பொது ஸ்டாப் வைப்பது ஒன்று. ஒரு பஸ்ஸை விற்றுவிட்டு மற்றவற்றை இரண்டு டிரிப் ஓட்டுவது இன்னொன்று. அப்போது சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி தாமதமாகத் தொடங்கும். மூன்றாவது, எல்லாவற்றையும் காண்டிராக்டில் விடுவது. நான்காவது, 9ஆம் வகுப்பு முதல் பஸ்ஸே கிடையாது என்பது. பள்ளிக்குக் கிட்டத்தில், டோல்கேட் பகுதியில் இருக்கும் பெற்றோர் "எங்களுக்குப் பஸ் எதுக்கு, ஃபீஸைக் குறைங்க" என்கிறார்கள். வடக்கே தூரத்தில் இருக்கும் எர்ணாவூர்க்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். என் மகள் காலை 6.20க்கு ஏறினால் 8.10க்குத்தான் பள்ளிக்குப் போய்ச் சேருகிறாள். சாயங்காலம் எதிர்ப் பக்கம் இறக்கிவிடுவதால் நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நான் எதற்குக் கை தூக்குவது?
— ஒரு தாய், திருவொற்றியூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு யோசனைகளையும் படித்தேன். ஆனால் என் கண் போய் நின்றது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தக் கடைசி வரியில்தான். சாயங்காலம் எதிர்ப் பக்கம் இறக்கிவிடுகிறார்கள். உங்கள் பள்ளியின் பஸ் பிரச்சினை முழுவதும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. டீசல் பிரச்சினைகூட அதற்குள்தான் இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

நம் ஊரில் வண்டி இடப் பக்கம் போகிறது. பஸ்ஸின் கதவும் இடப் பக்கம். காலையில் உங்கள் பஸ் எர்ணாவூரிலிருந்து தெற்கே வருகிறது. தெற்கு நோக்கி வரும்போது இடப் பக்கம் கிழக்கு, அதாவது கடல் பக்கம். உங்கள் மகள் ரோட்டைக் கடக்காமலே ஏறிவிடுகிறாள். சாயங்காலம் அதே பஸ் வடக்கே போகிறது. இப்போது கதவு மேற்குப் பக்கம். இறங்கும் குழந்தைக்கும் வீட்டுக்கும் நடுவில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள். வரிசை நகராமல் நிற்கும்போது லாரிகளின் இடுக்கில் புகுந்து வர வேண்டும். வரிசை நகர ஆரம்பித்துவிட்டால், அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு வண்டிக்கு நேர் முன்னால் நிற்கும் 10 வயதுப் பிள்ளையின் தலை தெரியாது.

பள்ளிகளில் ரூட் போடுகிறவர்கள் பெரும்பாலும் காலை நேரத்தை மட்டும் வைத்துத்தான் போடுகிறார்கள். எத்தனை மணிக்கு ஏற்றினால் மணி அடிப்பதற்குள் கொண்டுவந்து சேர்க்கலாம் என்பதே கணக்கு. சாயங்காலம் அதையே திருப்பி ஓட்டினால் ஆயிற்று என்று விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் மஞ்சள் பஸ் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றால் பின்னால் வரும் வண்டிகள் நின்றே ஆக வேண்டும், அது அங்கே சட்டம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு டிரெய்லர் அப்படி நிற்கும் என்று நம்பி நாம் ஸ்டாப் வைக்க முடியாது. ஆகவே கூட்டத்தில் பஸ் எத்தனை, ஃபீஸ் எவ்வளவு என்று தொடங்காதீர்கள். எந்தக் குழந்தை ரோட்டின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

வடிவுடையம்மன் கோயிலை வலம் வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். சன்னதி உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும், மதில் இடக்கைப் பக்கம். பஸ்ஸையும் அப்படி வலம் வரச் செய்யலாம். தண்டையார்பேட்டையில் கிளம்பி, மேற்கே இருக்கும் டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் ஹை ரோடு) வடக்கே ஏறி, எர்ணாவூர் பக்கம் கிழக்கே திரும்பி, எக்ஸ்பிரஸ் ரோட்டில் தெற்கே இறங்கிப் பள்ளிக்கு வர வேண்டும். கதவு எப்போதும் வெளிப் பக்கம். டி.எச். ரோட்டுக்கு மேற்கே இருக்கும் பிள்ளைகளும், எக்ஸ்பிரஸ் ரோட்டுக்குக் கிழக்கே இருக்கும் குப்பத்துப் பிள்ளைகளும் ஒரு ரோட்டையும் கடக்க வேண்டாம். முக்கியமானது, சாயங்காலமும் பஸ் அதே திசையில்தான் சுற்ற வேண்டும். திருப்பி ஓட்டவே கூடாது.

இரண்டு ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டும். அவர்களுக்கு இரண்டாவது பஸ், எதிர்த் திசையில்: எக்ஸ்பிரஸ் ரோட்டில் வடக்கே போய், டி.எச். ரோட்டில் தெற்கே வருவது. அந்தச் சுற்றில் கதவு உள் பக்கம் இருக்கும். அவர்களும் கடக்க வேண்டியதில்லை.

இதில் இன்னொரு லாபம் உண்டு. இப்போது உங்கள் மகள் காலையில் முதலில் ஏறுகிற கூட்டத்தில் இருக்கிறாள், சாயங்காலம் கடைசியில் இறங்குகிற கூட்டத்திலும் அவளே. போகிற வழியிலேயே திரும்பி வரும் ரூட்டில் தூரத்துப் பிள்ளைக்கு இரண்டு வேளையும் அடி. எர்ணாவூர்க்காரர்கள் சண்டைக்கு வருவதில் நியாயம் இருக்கிறது. சுற்று ரூட்டில் காலையில் முதலில் ஏறியவர் சாயங்காலம் முதலில் இறங்குவார். உங்கள் மகள் காலையில் பிந்தி ஏறுவாள், சாயங்காலம் பிந்தி இறங்குவாள். ஒரு வேளை கஷ்டம் என்றால் மறு வேளை சுகம். இந்த ஒன்றைச் சொன்னாலே கூட்டத்தில் பாதிச் சத்தம் அடங்கும்.

இனி டீசலுக்கு வருகிறேன். பஸ்கள் ராத்திரி எங்கே நிற்கின்றன என்று விசாரியுங்கள். பள்ளி வளாகத்தில் என்றால், காலையில் எர்ணாவூர் வரை காலியாகப் போய், அங்கிருந்துதான் ஏற்றிக்கொண்டு வருகின்றன. சாயங்காலம் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகின்றன. நிர்வாகம் போடும் டீசலில் ஏறக்குறைய பாதி காலி சீட்டைச் சுமக்கிறது. சுற்று ரூட்டில் போகும் வழியிலும் பிள்ளைகள் ஏறுவார்கள். ஆனால் ஒன்று: இதனால் சீட் கூடிவிடாது. பஸ் பள்ளி வாசலுக்கு வரும்போது எத்தனை பேர் உட்கார முடியுமோ அத்தனை பேருக்குத்தான் அது பஸ். அதனால் "சுற்று ரூட் போட்டாச்சு, ஒரு பஸ்ஸை வித்துடலாம்" என்று யாராவது குதித்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பொது ஸ்டாப் யோசனைக்கு நான் ஆதரவு. ஏழெட்டு கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆவது தூரத்தால் அல்ல, நின்று நின்று போவதால். ஒரு இடத்தில் நின்று, கதவைத் திறந்து, ஆயா இறங்கி, பையை வாங்கி வைத்து, பிள்ளை உட்கார்ந்து, வண்டி மறுபடியும் வேகம் பிடிக்க ஒரு நிமிடத்துக்குக் குறையாது. தம்பி இன்னும் ஷூ மாட்டவில்லை என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தால் மூன்று நிமிடம். ஸ்டாப்புகளைப் பாதியாக்கினால் நேரம் கண்கூடாகக் குறையும். நான் ரூட் போடும்போது வைத்துக்கொள்ளும் எல்லை, எந்தப் பிள்ளையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் உட்காரக் கூடாது என்பது. உங்கள் ரூட்டில் இது நடக்கக்கூடியதே.

ஆனால் பொது ஸ்டாப் என்றதும் கடைத்தெரு முனை, டாஸ்மாக் எதிரில், ஷேர் ஆட்டோ நிற்கும் இடம் என்று வசதிக்கு வைத்துவிடுவார்கள். வேண்டாம். பிள்ளைகள் சாலையின் விளிம்பில் நிற்காமல் நான்கடி உள்ளே தள்ளி நிற்க ஓர் இடம் வேண்டும். கோயில் வாசல், சர்ச் காம்பவுண்ட், ரேஷன் கடைத் திண்ணை, மீன் வலைக்கூடம் எதுவானாலும் சரி. மழைக்கு மேலே கூரை இருந்தால் இன்னும் நல்லது. டி.எச். ரோட்டில் மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டு இரண்டு பக்கமும் இறங்கும் இடங்கள் உண்டு. தவிர்க்க முடியாமல் அந்த ரோட்டைக் கடந்தே தீர வேண்டிய பிள்ளைக்கு அதன் அடியில் ஸ்டாப் வைத்தால் மேலே ஏறிக் கடந்து வரலாம். எக்ஸ்பிரஸ் ரோட்டில் அப்படி எதுவும் நம்மைக் காப்பாற்றாது. அங்கே ஸ்டாப் என்றால் வீட்டுப் பக்கம் மட்டுமே.

ரயில் தண்டவாளத்துக்கு மேற்கே, எழில் நகர், கொடுங்கையூர் பக்கம் வரும் மூன்றாவது பஸ்ஸைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அங்கே எதிரி ரயில்வே கேட். கொருக்குப்பேட்டை பக்கம் சரக்கு ரயில் வந்து கேட் விழுந்தால் எப்போது தூக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ரூட்டுக்குச் சராசரி நேரம் பார்க்காதீர்கள். இரண்டு வாரம் டிரைவரைக் குறித்துவரச் சொல்லி, அதில் மிக மோசமான நாளை வைத்து நேரம் போடுங்கள். நல்ல நாளில் பிள்ளைகள் கால் மணி நேரம் முன்னதாக வந்து விளையாடட்டும். ஐப்பசி, கார்த்திகையில் கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் தண்ணீர் நின்றால் போக வேண்டிய மாற்று வழியையும் இப்போதே எழுதி டிரைவர் கையில் கொடுத்துவிட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலைப் பார்த்த பிறகும் இதை மழை வந்ததும் யோசிக்கலாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன். வேனைக் காசிமேடு, ஜீவரத்தினம் நகர் சந்துகளுக்கு விடுங்கள். பெரிய பஸ் அங்கே நுழைந்தால் பின்னால் எடுத்துத்தான் வெளியே வர வேண்டும். பள்ளி வண்டி பின்னால் எடுப்பதைப் போல எனக்குப் பயம் தரும் காட்சி வேறில்லை.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2022 மார்ச்சில் வளசரவாக்கத்தில் ஒரு 2ஆம் வகுப்புச் சிறுவன் பள்ளி வளாகத்துக்குள்ளேயே, தான் வந்த வேன் மோதி இறந்தான். அதன் பிறகுதான் பள்ளி வண்டிகளுக்கு முன்னும் பின்னும் கேமராவும், பின்னால் எடுக்கும்போது எச்சரிக்கும் சென்சாரும் வேண்டும் என்று தமிழக அரசு விதியைத் திருத்தியது. அதற்கு 10 வருடம் முன்பு, 2012 ஜூலையில், தாம்பரம் அருகே முடிச்சூரில் ஓடும் பள்ளி பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் வந்தன. கோடை விடுமுறையில் மைதானத்தில் மஞ்சள் பஸ்களை வரிசையாக நிறுத்தி ஆர்.டி.ஓ., போலீஸ், வருவாய்த்துறை, கல்வித்துறை அதிகாரிகள் சோதிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதெல்லாம் அந்த விதிகளால் வந்ததுதான். பள்ளி அளவில் ஒரு போக்குவரத்துக் குழு இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. உங்கள் பள்ளியில் அந்தக் குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். நிர்வாகத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, சாதாரணமாகக் கேட்டாலே போதும்.

இதைச் சொல்லும்போதே காண்டிராக்ட் யோசனைக்கும் பதில் வந்துவிடுகிறது. வண்டி யாருடையதானாலும் உள்ளே இருப்பது பள்ளியின் பிள்ளைகள். பொறுப்பு பள்ளியை விட்டுப் போகாது. 1997இல் டெல்லியில் பள்ளி பஸ் யமுனையில் விழுந்த விபத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவுகள் வாடகை வண்டிக்கும் பொருந்தும்: டிரைவருக்குக் கனரக வாகனத்தில் குறைந்தது 5 வருட அனுபவம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் உதவியாளர், ஜன்னலுக்குக் கம்பி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், வண்டியில் பள்ளியின் பெயரும் போன் நம்பரும். காண்டிராக்டருக்கு நஷ்டம் வந்தால் முதலில் காணாமல் போவது ஆயாதான். ஆயா இல்லாத பஸ்ஸில் இறங்கிய பிள்ளை வண்டிக்கு முன்னால் ஓடிக் கடக்கிறதா என்று பார்க்க ஆள் இல்லை.

காண்டிராக்ட்தான் என்று முடிவானால், ஒரு டிரிப்புக்கு இவ்வளவு என்று பணம் பேசாதீர்கள். அப்படிப் பேசினால், இந்த டிரிப்பை முடித்துவிட்டு வேறொரு கம்பெனி டிரிப்புக்கு ஓட வேண்டும் என்ற அவசரம் டிரைவரின் காலில் வந்து உட்காரும். வண்டிக்கு மாதம் இவ்வளவு என்று பேசுங்கள். வண்டி பழுதானால் மாற்று வண்டி எத்தனை நிமிடத்தில் வரும், டிரைவர் மாறினால் முன்கூட்டியே யாருக்குச் சொல்வார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். என்னைக் கேட்டால், பஸ் வைத்திருக்கும் பள்ளி அதைக் கையில் வைத்துக்கொள்வதே மேல்.

இரண்டு டிரிப் யோசனையை இந்த வருடம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். காகிதத்தில் அது அழகாகவே இருக்கும். முதல் டிரிப் பெரிய பிள்ளைகள், அடுத்தது சின்னப் பிள்ளைகள், ஒரு பஸ் மிச்சம். ஆனால் முதல் சுற்று முடிந்தால்தான் இரண்டாவது கிளம்ப முடியும். ஒரு நாள் டிரெய்லர் வரிசையில் மாட்டிக்கொண்டால் அன்றைக்குச் சின்ன வகுப்பு முழுவதும் தாமதம். முதல் டிரிப்பில் வந்து இறங்கும் பிள்ளைகள் ஏழரை மணிக்கு யார் மேற்பார்வையில் உட்கார்ந்திருப்பார்கள்? அதைவிடப் பெரிய விஷயம், நம் பக்கத்து வீடுகளில் தம்பி தங்கையைப் பள்ளிக்குக் கூட்டிப்போவது அக்காதான். அம்மா மீன் கூடையோடு போயிருப்பார், அல்லது கம்பெனி ஷிப்டில் இருப்பார். அக்காவை ஒரு டிரிப்பிலும் தம்பியை இன்னொரு டிரிப்பிலும் போட்டால், நடுவில் இருக்கும் ஒன்றரை மணி நேரம் தம்பி யாரோடு இருப்பான்? சுற்று ரூட் ஒரு வருடம் சொன்ன நேரத்துக்கு ஓடட்டும். அதன் பிறகு பேசலாம்.

9ஆம் வகுப்பு முதல் பஸ் கிடையாது என்பதில் பாதி சரி. 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு, டி.எச். ரோட்டை ஒட்டி இருக்கும் பெரிய பிள்ளை தானாகத் தண்டையார்பேட்டை போய்வருவது பெரிய விஷயமில்லை. அதே வருடத்திலிருந்து சாதாரணக் கட்டண மாநகரப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மாணவிக்கும் அது பொருந்தும், கூட வரும் அம்மாவுக்கும் பொருந்தும். பையன்கள் விஷயத்தில் பெற்றோர் தயங்குவது படிக்கட்டில் தொங்குவதை நினைத்தும், பஸ் ரூட்டுக்கு யார் தலைவன் என்று கல்லூரிப் பசங்கள் போடும் 'ரூட்டு தல' சண்டையை நினைத்தும். அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லை வகுப்பை வைத்துப் போடக் கூடாது, வீட்டை வைத்துப் போட வேண்டும். காலடிப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் 9ஆம் வகுப்புப் பையனும் குப்பத்திலிருந்து எக்ஸ்பிரஸ் ரோட்டைத் தாண்டி ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டிய 9ஆம் வகுப்புப் பெண்ணும் ஒன்றல்ல.

டோல்கேட் பெற்றோர் பஸ்ஸே வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், கட்டாயப்படுத்தாதீர்கள். ஆனால் பஸ்ஸை விட்ட பிள்ளைகள் நடப்பதில்லை, ஆட்டோவில்தான் ஏறுவார்கள். மூன்று பேர் உட்கார வேண்டிய வண்டியில் டிரைவருக்கு இரண்டு பக்கமும் பிள்ளைகள், கம்பியில் கோத்த பைகள். அவர்களோடு பேசும்போது ஃபீஸைப் பற்றிப் பேசாமல் இதைப் பற்றிப் பேசுங்கள். ஃபீஸுக்குக் கிலோமீட்டர் கணக்கு வேண்டாம். சுற்று ரூட்டில் யார் எத்தனை கிலோமீட்டர் என்று நுணுக்கமாகப் பிரிப்பதில் அர்த்தமில்லை. பக்கத்தில், தூரத்தில் என்று இரண்டே தட்டு போதும்.

ஃபீஸ் கட்டும் தேதியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுக்குப் போகும் வீடுகளில் அந்த இரண்டு மாதமும் வருமானம் இல்லை. ஏறக்குறைய அந்த முடிவில் பள்ளி திறக்கிறது, டெர்ம் ஃபீஸ், புத்தகம், யூனிஃபார்ம், கூடவே முழு வருட பஸ் ஃபீஸ். காசில்லாமல் பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோவுக்குப் போகிற பிள்ளைகளில் பலர் ஜூனில்தான் போகிறார்கள். ஜூலையில் தொடங்கித் தவணையாக வாங்கினால் நிர்வாகத்துக்கு ஒரு ரூபாயும் நஷ்டமில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. ஒரு நாள் காலையிலும் சாயங்காலமும் பஸ்ஸில் ஏறிப் போங்கள். பாதுகாப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பெற்றோர் பள்ளி பஸ்ஸில் போகலாம் என்று நான் மேலே சொன்ன உச்ச நீதிமன்ற உத்தரவிலேயே இருக்கிறது. முதல்வரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஏறுங்கள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நேரத்தையும், சாயங்காலம் எத்தனை பிள்ளைகள் இறங்கி ரோட்டைக் கடக்கிறார்கள் என்பதையும் ஒரு நோட்டில் குறியுங்கள். அடுத்தது, கூட்டத்தைக் காலையில் வைக்காமல் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வைக்கச் சொல்லுங்கள். ஞாயிறு காலை மீன் வியாபாரத்தை விட்டுவிட்டு உங்கள் பக்கத்து அம்மாக்கள் எப்படி வருவார்கள்? திருவொற்றியூர் முதல் எர்ணாவூர் வரை ஒரு பெரிய சார்ட்டில் இரண்டு ரோட்டையும் ரயில் பாதையையும் வரைந்து சுவரில் ஒட்டி, வருகிறவர்கள் ஒவ்வொருவரையும் தங்கள் வீட்டில் ஒரு பொட்டு வைக்கச் சொல்லுங்கள். ஓட்டெடுப்பு அதற்குப் பிறகு இருக்கட்டும். எதற்குக் கை தூக்குவது என்று கேட்டீர்கள்: பொது ஸ்டாப்புக்குத் தூக்குங்கள், ஆனால் சாயங்காலமும் வீட்டுப் பக்கமே இறக்கிவிட வேண்டும் என்பதைத் தீர்மானத்தில் எழுதி, நிர்வாகத்தின் கையெழுத்து விழுந்த பிறகு.